முதல் மூட்டைச் சாம்பல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைவிட மோசம் என் வாய். 1988 ஆவணியில் இந்த இரண்டும் சேர்ந்து வடிவு என்ற பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தன. கெடுத்தது நான்தான், ஆனால் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

வடிவு ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருபவள். முத்தாபுதுப்பேட்டையில் அவர்களுக்குப் பரம்பரையாக ஒரு துண்டு நிலமும் கிணறும் இருந்தன. காலை ஆறரைக்கெல்லாம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கூவ மாட்டாள். அவள் வரும் நேரம் எல்லா வீட்டுக்கும் தெரியும், தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து ஃபேக்டரி வேலையில் இருந்த குடும்பங்கள். மற்ற எதில் ஒத்துப்போகாவிட்டாலும் வடிவின் அரைக்கீரை நன்றாக இருக்கும் என்பதில் ஒத்துப்போவார்கள்.

ஒரு நாள் அவள் என் எவர்சில்வர் தட்டில் இரண்டு கட்டுக் கீரையை வைத்தாள். கீரையிலிருந்து வடிந்த தண்ணீர் தட்டில் மஞ்சளாக நின்றது.

"இது என்ன தண்ணி வடிவு?"

"கெணத்துத் தண்ணிதாம்மா. ஒரு மாசமா இப்டித்தான் மஞ்சளா வந்துகினு கீது. பக்கத்துல பிளேட்டிங் ஷெட்டு ஒண்ணு போட்டிருந்தானுங்க. அவனுங்க உட்ட தண்ணிதான் எறங்கிருக்கும்னு சொல்றாங்கோ. இப்ப ஷெட்ட மூடிக்கினு பூட்டானுங்க."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் கெமிஸ்ட். போல்ட்டுக்கு முலாம் பூசுகிற தொட்டிகளையும் அதிலிருந்து போகும் கழிவுத் தண்ணீரையும் சோதிப்பதுதான் என் வேலை. அந்த மஞ்சள் எனக்கு நன்றாகத் தெரிந்த மஞ்சள். தட்டிலிருந்ததை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் அமிலமும் அதற்கென்று இருக்கிற மருந்தும் விட்டேன். நாவல்பழச் சாறு மாதிரி ஊதா நிறம் வந்தது. குரோமியம், அதுவும் விஷமான வகை.

மறுநாள் காலை வடிவு தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலில் நின்றிருந்தேன். அவளைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் இத்தனை நாள் என் பிள்ளைகளுக்கு இதை மசித்துப் போட்டேனே என்பதுதான்.

"யாரும் இந்தக் கீரையை வாங்காதீங்க. தண்ணியில விஷம் இருக்கு. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்" என்று கத்தினேன்.

எதிர்வீட்டு ஞானம்மாள் ஏற்கெனவே வாங்கிய கீரையைக் கூடையிலேயே திருப்பிப் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற பிளாக்குகளுக்கும் போய்விட்டது. வடிவு இன்னும் இரண்டு நாள் வந்தாள். இரண்டு நாளும் கூடை நிறைந்தபடியே திரும்பிப் போனாள். மூன்றாவது நாள் என் வாசலில் மட்டும் நின்றாள்.

"எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாமேம்மா" என்றாள். "வெசம்னு தெரிஞ்சா நானே கொண்டாந்திருக்க மாட்டேனே."

அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவளுடைய கணவர் எங்கள் கம்பெனியிலேயே பாய்லர் ரூமில் சாம்பல் வாருகிறவர் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பெயர் திருவேங்கடம். ஐந்து வருஷமாக வணக்கம் வைத்துக்கொண்டு போகிற மனிதர். அவரே கேட்டருகில் என்னை நிறுத்திச் சொன்னார்.

"நல்லதாப் போச்சி மேடம். நெலத்த பிளாட்டு போட வித்துர்லாம்னு ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறேன். லோகநாதன்னு ஒரு புரோக்கரு கீறாரு. தை பொறந்ததும் கெணத்த மூடிட்டு மனை போட்றேன்னாரு. இவதான் காதுல வாங்க மாட்டேன்னுட்டா. இப்ப கெணறே கெட்டுப்போச்சில்ல, இன்னா சொல்லுவா?"

அவர் நிம்மதியாகத்தான் சொன்னார். கிணற்றைக் கெடுத்தது எவனோ. ஆனால் அதை மூட வைப்பது நானா?

கம்பெனிக் கழிவுநீரில் குரோமியத்தை ஒழிக்க எங்களிடம் முறை இருந்தது. அமிலம் விட்டு, மருந்து போட்டு, பிறகு சுண்ணாம்பு சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளவு பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவளுக்கு அதெல்லாம் ஆகிற காரியம் இல்லை. ஆனால் நிலக்கரிச் சாம்பல் உலோகங்களைப் பிடித்துவைக்கும் என்று எப்போதோ படித்த ஞாபகம் இருந்தது. உறிஞ்சிக் குடிப்பதில்லை, தன் மேல்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. கம்பளியில் பூனைமுடி ஒட்டுகிற மாதிரி. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். கல்லூரியில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு தனிக் கதை.

எங்கள் கம்பெனியில் சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. பாய்லர் ரூமுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. வேலை நெருக்கடியில் செப்டம்பர் போய்விட்டது. ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமி விடுமுறையும் முடிந்து வேலைக்கு வந்த அன்று திருவேங்கடத்தைக் கூப்பிட்டு ஒரு மூட்டை சாம்பல் கேட்டேன்.

"சாம்ப இன்னாத்துக்கு மேடம்?"

"உங்க கிணத்துக்குத்தான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் மேட்டிலிருந்து ஒரு சாக்கில் வாரிக்கொண்டு வந்து லேப் வாசலில் வைத்தார். சாக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. பூஜையன்று எங்கள் ஆட்கள் ஒன்றையும் விட மாட்டார்கள். லேத்துக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, என் லேபில் கண்ணாடிக் குடுவைக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். சாக்குக்கும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதோடு விட்டுவிட்டேன்.

அவரிடமே சொல்லி வரவழைத்த ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு கை சாம்பலைப் போட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் காலை வடிகட்டினேன். தண்ணீர் நிறமே இல்லாமல் இறங்கியது. மருந்து விட்டேன். ஊதா வரவில்லை. நம்ப முடியாமல் இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். அப்போதும் வரவில்லை. லேபில் தனியாக இருந்ததால் கொஞ்சம் ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு பழைய எண்ணெய் டிரம்மைக் கழுவி, அடியில் குழாய் வைத்து, ஜல்லி, மணல், அதன்மேல் மூட்டைச் சாம்பல் முழுவதையும் கொட்டி, நானும் வடிவும் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு கலங்கலாக. மத்தியானத்துக்குள் தெளிந்தது. மேலே மஞ்சள், கீழே வெறும் தண்ணீர். வடிவு அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பாதி ஊற்றி மீதியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நெசமா நல்ல தண்ணியா?"

"குடிக்காதே. ஆனா கீரைக்குத் தாராளமா விடலாம்."

"அப்ப இந்தக் கெணறு பொழச்சிரும்னு சொல்றே."

"பொழச்சிரும்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான். இரண்டாவது தடவையும் யோசிக்காமல் திறந்தது. அன்று சாயங்காலமே புரோக்கர் லோகநாதனிடம் நிலம் விற்பதில்லை என்று வடிவு சொல்லிவிட்டாள். திருவேங்கடம் மறுநாள் எனக்கு வணக்கம் வைக்கவில்லை.

பத்து நாளில் டிரம் களைத்துவிட்டது. மஞ்சள் கீழேயும் வர ஆரம்பித்தது. அது எதிர்பார்த்ததுதான், எந்தப் பரப்பும் ஓர் அளவுக்கு மேல் பிடிக்காது. பழைய சாம்பலை வாரிக் கம்பெனிக்கே கொண்டுபோய், விஷக் கசடு போடுகிற சிமெண்ட் குழியில் போட்டோம். திருவேங்கடத்திடம் புதிதாக ஒரு மூட்டை வாங்கி டிரம்மை நிரப்பினோம். தண்ணீர் ஊற்றினோம்.

மேலே மஞ்சள். கீழேயும் மஞ்சள்.

வடிவு என்னைப் பார்த்தாள். "புதுச் சாம்பல், செட்டாக ரெண்டு நாள் ஆகும்" என்று ஏதோ உளறினேன். இரண்டு நாள் கழித்தும் மஞ்சள்தான். லேபில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் ஒன்றும் பிடிக்காமல் இல்லை, பத்தில் இரண்டு பங்கு பிடித்தது. முதல் மூட்டை பத்தில் பத்தும் பிடித்தது. அதே பாய்லர், அதே நிலக்கரி, அதே மேடு, வாரியதும் அதே கை. பிறகு எப்படி?

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், சில நாட்கள் வடிவைக்கூட மறந்துவிட்டேன். குழம்பில் உப்பு போட்டேனா என்பது ஞாபகம் இருக்காது, இரண்டு மூட்டைக்கும் என்ன வித்தியாசம் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் மழையைச் சந்தேகித்தேன். ஐப்பசி மழையில் மேடு நனைந்து, சாம்பலில் இருந்த சாரம் கரைந்து போயிருக்கலாம். பாய்லர் வாயிலிருந்தே நனையாத சாம்பல் வாங்கிப் பார்த்தேன். பத்தில் இரண்டு. சலித்து நைஸாக்கிப் பார்த்தேன். இரண்டரை. மறுபடி சுட்டுப் பார்த்தேன், அமிலத்தில் கழுவிப் பார்த்தேன். கொஞ்சம் ஏறியது, ஆனால் முதல் மூட்டையின் கிட்டே போகவில்லை. முதல் மூட்டையில் ஒரு பிடியாவது எடுத்து வைத்திருந்தால் என்னவென்று பார்த்திருக்கலாம். முழுவதையும் டிரம்மில் கொட்டிவிட்டு வந்த என்னை நானே திட்டிக்கொண்டேன். கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகூட மாதிரியைப் பத்திரப்படுத்தும்.

"பூஜை முடிஞ்ச சாம்பல்னா சும்மாவா?" என்றார் என் கணவர் மனோகரன். ராணுவ டாங்க் செய்கிற ஃபேக்டரியில் வேலை, கிண்டலில் மேல்படிப்பு. "பேசாம கிணத்துக்கு ஒரு பொட்டு வச்சுப் பாரு."

கோபத்தில் கரண்டியை ஓங்கினேன். பிறகு அப்படியே நின்றுவிட்டேன். சாக்கில் குங்குமம் இருந்ததே.

அந்தச் சாக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தது. காலியானதும் எடுத்து வந்து பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தனம் போயிருந்தது, குங்குமம் மங்கலாக இருந்தது. சிரிக்க வேண்டாம், மறுநாள் லேபில் கதவைச் சாத்திக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் குங்குமம் கரைத்துச் சோதித்தேன். சந்தனத்தையும் விடவில்லை. குரோமியம் அசையவே இல்லை. என் புடவையில் மட்டும் கறை ஆனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாக்கை உதைத்துத் தள்ளினேன். அது புரண்டு விழுந்தது. உட்புறம் தெரிந்தது. அங்கே செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. குங்குமம் வெளியேதான் வைத்தார்கள். உள்ளே இருப்பது என்ன?

துரு. தொட்டதும் விரலில் வந்தது.

மனோகரனின் கெட்டுப்போன ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றினேன். அவர் என்னவென்று கேட்பதற்குள் சாக்கின் உட்புறம் மூலை முடுக்கெல்லாம் தடவினேன். எடுத்துப் பார்த்தால் காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. பொடிப் பொடியாக இரும்புத் தூள்.

இரும்பு குரோமியத்தை என்ன செய்யும் என்பது நான் படித்ததுதான். கரைந்து ஓடுகிற விஷ வகையை, அவ்வளவாகக் கரையாத சாதுவான வகையாக மாற்றிவிடும். அப்படி மாறியதைத் துருவும் சாம்பலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். இத்தனை நாள் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது தோன்றவில்லை. ஆனால் பாய்லர் சாம்பலில் இரும்பு ஏது?

திருவேங்கடத்திடம் கேட்டேன். "அன்னிக்கு வாரின சாம்பல்ல இரும்புத் தூள் இருந்திருக்கு. எப்படி வந்துச்சு?"

"தெரிலியே மேடம்" என்றார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "சாம்பன்னா சாம்பதான். வேற இன்னா."

அவருக்கு நிலம் விற்றாக வேண்டும், அதனால் எரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். போகட்டும், இரும்பு என்று தெரிந்துவிட்டது, எங்கள் கம்பெனியில் லேத்துக்கு அடியில் அள்ளுகிற அளவுக்கு இரும்புத் தூள் கிடக்கிறது. ஒரு வாளி வாங்கிச் சாம்பலில் கலந்து டிரம்மில் போட்டேன்.

மஞ்சள்.

இந்த முறை தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் வேறு. லேத்தில் இரும்பைச் சீவும்போது எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு துகளும் எண்ணெய்ச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தது, தண்ணீரை உள்ளே விடவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், மண்ணெண்ணெயில் கழுவினேன். பாதிதான் போனது. கடையில் சுத்தமான இரும்புத் தூள் கொஞ்சம் வாங்கிச் சாம்பல் இல்லாமல் தனியாகப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் பிரமாதமாகப் பிடித்தது. மூன்றாம் நாள் துருவேறிச் செங்கல்லாக இறுகி, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. முதல் மூட்டையில் மட்டும் எண்ணெயும் இல்லை, இறுகவும் இல்லை. அதை யாரோ எனக்கு முன்னால் சரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அது யார் என்றுதான் தெரியவில்லை.

மார்கழி பாதி ஆயிற்று. தை பிறக்க இரண்டு வாரம் இருந்தது. லோகநாதன் மறுபடி வர ஆரம்பித்திருந்தார். திருவேங்கடம் தலையாட்டியதில், கிணற்றை மூடுவதற்கு இடிந்த வீட்டுச் செங்கல் இரண்டு லாரி கிணற்றடியில் வந்து இறங்கிவிட்டது. கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து திருவேங்கடம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே நானும் ஏறி முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அதை என் வாயால் நேராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதல் தடவை செய்யாததை இந்தத் தடவையாவது செய்யலாமே.

வடிவு வாசலில் உட்கார்ந்து விதைக் கீரையை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அமர்ந்து சொன்னேன். "என்னால முடியலை வடிவு. முதல் தடவை ஏதோ தற்செயலா நடந்தது. அதை நம்பி உன்கிட்ட வாக்கு குடுத்திருக்கக் கூடாது. நிலத்தைக் குடுத்துடு."

அவள் கை நிற்கவில்லை. விதையெல்லாம் உதிர்ந்த பிறகு முறத்தைப் புடைத்து, உமியை ஊதி, விதையை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

"வெத நல்லாத்தான் கீது" என்றாள். "இத்த இன்னா பண்றது."

என்னிடம் கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், டப்பாவைப் பரணில் வைக்கிற சத்தம் கேட்டது. திருவேங்கடம் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்டதுதான் நடந்தது, ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"மேடம், நில்லுங்கோ." திருவேங்கடம் மூச்சு வாங்க நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒண்ணு சொல்வேன். அதுக்கோசரம் என்ன வேலைய உட்டுத் தூக்கிட மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பூஜ அன்னிக்கி மிஷினெல்லாம் கழுவினோமில்ல. வருசத்துக்கு ஒரு நாளுதான் மிஷினு அடிலயெல்லாம் கைய உட்டுச் சொரண்டறது. ஒரு வருசத்துத் தூளு, பிசிறு, துரு, ஆறு கூடை இருந்துது. வீரராகவன் சார் அத்த ஸ்கிராப் டிரம்முல போடச் சொன்னாரு." வீரராகவன் எங்கள் சூப்பர்வைசர். "டிரம்மு அந்தாண்ட கேட்டுகிட்ட கீது. இங்க பூசணிக்கா சுத்திட்டாங்கோ, பொரியும் சுண்டலும் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்கோ. ஆறு நடை யாரு நடப்பா? பாய்லருக்குப் பின்னால சாம்ப மேட்டுல கொட்டிட்டேன்."

"அதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"இரும்பு ஸ்கிராப்பு காண்டிராக்டருக்குச் சேர வேண்டியது மேடம். வெளில கொட்டினா மெமோ. நீங்க இரும்பு எப்டி வந்துதுன்னு கேட்டதும் எனக்கு வேர்த்துப் பூட்சி. கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

இரண்டு மாதத்துக்கு மேல். மனிதர் பக்கத்திலேயே இருந்தார். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் வேறொன்று கேட்டேன்.

"அதுல எண்ணெய் இருந்திருக்குமே, திருவேங்கடம். லேத் எண்ணெய். அது எங்க போச்சு?"

"எண்ணெயா?" யோசித்தார். "அப்பதான் பாய்லர்லேந்து வாரிப் போட்ட சாம்ப மேடம். மேல பாத்தா ஆறினாப்ல இருக்கும், உள்ள கனகனன்னு நெருப்பு. கொட்டினதும் பொகஞ்சிது பாருங்கோ. எண்ணெப் பிசுக்கெல்லாம் புசுபுசுன்னு எரிஞ்சிது. பயந்து பூட்டேன், யாராச்சும் பொகையப் பாத்துருவாங்களோன்னு. சாம்பய அள்ளி அள்ளி மேல போட்டுப் பெரட்டி உட்டேன். ரெண்டு நாளு கழிச்சி நீங்க கேட்டீங்க. கண்ல படாம இருக்கட்டுமேன்னு அத்தத்தான் மொதல்ல வாரிக் குட்தேன்."

நான் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் எரிந்துபோய்விட்டது. இரும்பு சூட்டில் சுத்தமாகிவிட்டது. மறைப்பதற்காக இவர் புரட்டிப் புரட்டி விட்டதில் சாம்பலும் இரும்பும் ஒன்றாகக் கலந்து, இறுகாமல் இடைவெளி விட்டு நின்றிருக்கிறது. நான் லேபில் உட்கார்ந்து தேடிய முறையை இவர் பொரிக்கு ஆசைப்பட்டுச் செய்து முடித்திருக்கிறார்.

"இதைச் சொன்னா நிலம் விக்க முடியாதே, ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அவர் தலையைச் சொறிந்தார். "வெத டப்பாவ மூடினாளே மேடம். எங்க ஊட்ல அந்த டப்பா மூடிக் கெடந்து நான் பாத்ததில்ல."

திங்கட்கிழமை நானே வீரராகவனிடம் போனேன். லேத் தூள் சோதனைக்கு வேண்டும், சூடான சாம்பலில் போட்டுப் பார்க்க வேண்டும், எழுத்தில் அனுமதி கொடுங்கள் என்றேன். பூஜையன்று நடந்ததைச் சொல்லவில்லை. எனக்கும் வாயை மூட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திருவேங்கடம் மண்வெட்டியோடு நின்றார். அன்றைக்குச் செய்தபடியே செய்யச் சொன்னேன். சாம்பலைப் பரப்பி, தூளைக் கொட்டி, மேலே சாம்பல் போட்டு மூடிப் புரட்டினார். புகை வந்தது, நின்றது. இரண்டு நாள் ஆறவிட்டோம். கிணற்றுத் தண்ணீரில் அந்தக் கலவையைப் போட்டுக் குலுக்கிய பாட்டிலில் மருந்து விட்டபோது திருவேங்கடமும் என் பக்கத்தில் நின்று பார்த்தார். ஊதா வரவில்லை.

"இதான் நல்லதா?" என்று கேட்டார்.

"இதான் நல்லது."

"ஒண்ணுமே வர்லியே மேடம்."

"ஒண்ணும் வராம இருக்கறதுதான் நல்லது."

அவருக்கு அது அவ்வளவாகத் திருப்தியாக இல்லை.

டிரம் போதாது என்று பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் தொட்டியை இரண்டாகத் தடுத்து அதில் கலவையைப் போட்டோம். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. மொத்த நிலத்துக்கும் காணாது, நான்கு பாத்திக்குக் காணும். ஒரு மாதத்துக்கொரு முறை கலவையை மாற்ற வேண்டும், பழையது கம்பெனிக் குழிக்குத்தான் போக வேண்டும், வாரம் ஒரு தடவை நான் சோதிக்காமல் ஒரு கட்டும் வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் வடிவிடம் சொன்னேன். நன்றாக யோசித்து, மெதுவாகச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள்.

லோகநாதன் பொங்கல் முடிந்து வந்தார். பாத்தியில் முளை விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செங்கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

மாசியில் முதல் அறுவடை. ஒரு கட்டுக் கீரையைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், உலர்த்தி, எரித்து, கரைத்து, வேர் தனி, இலை தனி என்று மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் ஒன்றும் வரவில்லை. அன்று இரவு வீட்டில் அந்தக் கீரையைத்தான் கடைந்தேன். பிள்ளைகளுக்குப் போடும்போது ஒரு நொடி கை நின்றது. நின்றது என்று ஒப்புக்கொள்கிறேன். பிறகு போட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு வடிவு எங்கள் தெருவில் திரும்பினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு. கூடை நிறைய அரைக்கீரை. வாசலில் நின்றிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவரும் தட்டு எடுக்க உள்ளே போகவில்லை. ஞானம்மாள் கோலத்தை முடிக்காமல் குனிந்தபடியே நின்றாள். வடிவு யாரையும் பார்க்கவில்லை. நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். கூடையை இறக்கவில்லை.

நான் கேட்டைத் திறந்து அவள் பக்கத்தில் போனேன். "கீரை நல்லா இருக்கு வடிவு. நான் சோதிச்சுட்டேன். நாலு கட்டு குடு."

அவள் அசையவில்லை.

"இப்ப மட்டும் மெதுவா சொல்றியேம்மா" என்றாள். "அன்னிக்கி சொன்னியே, அந்தச் சத்தத்துல சொல்லு."

எனக்கு முகம் சூடானது. தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மனோகரன் ஜன்னலில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். நான் நடுத்தெருவுக்கு வந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கத்தினேன். "வடிவு கீரையில விஷம் இல்லை. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். நேத்து என் பிள்ளைங்களுக்கே போட்டேன்."

கடைசி பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும். வடிவு கூடையை இறக்கி வைத்தாள். ஞானம்மாள் கோலப்பொடிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தட்டு எடுக்க உள்ளே போனாள்.